தமிழ்ப் பாடநூலைப் பிரெயிலுக்குப் பெயர்க்கும்போது பக்கத்தை அமைக்கும் முறை

அச்சுப் பக்கத்தைத் திறந்ததும், தலைப்பு எது, வினா எது, பெட்டிச் செய்தி எது என்பவை வாசிக்கத் தொடங்கும் முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடுகின்றன. எழுத்தின் பருமனும் நிறமும் அந்த வேலையைச் செய்கின்றன. பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் பிரெயிலில் பருமன் மாறாது: ஓர் எழுத்துக்கான ஆறு புள்ளி இடங்களைக் கொண்ட கட்டமாகிய ஒரு செல்லுக்குள் புள்ளிகளுக்கு இடையே ஏறத்தாழ 2.5 மி.மீ., செல்லுக்குச் செல் 6 மி.மீ., வரிக்கு வரி 10 மி.மீ. என்ற அளவு நூல் முழுவதும் ஒன்றே. எனவே, வரி எந்தச் செல்லில் தொடங்குகிறது, அதற்கு மேலும் கீழும் வெற்று வரி உள்ளதா என்ற இரண்டையும் கொண்டுதான் விரல் ஒரு பகுதியின் தன்மையை முதலில் அறிகிறது. இவற்றில் தவறு நேர்ந்தால், எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லாத நூலும் மாணவருக்குப் பயன்படாமல் போகும். தமிழ்வழிப் பள்ளிப் பாடநூலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன். வட அமெரிக்கப் பிரெயில் ஆணையம் வகுத்துள்ள பக்க அமைப்பு மரபுகளையே பெரிதும் பின்பற்றுகிறேன். உங்கள் அச்சகத்துக்கு வேறு மரபு இருந்தால் அதையே கொள்ளலாம், ஆனால் ஒரு நூலுக்குள் இரண்டு மரபுகள் கலக்கக் கூடாது.

முதலில் மூலக் கோப்பைச் சீர்செய்ய வேண்டும். மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் நூல்களை ஆக்குவதற்கு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் இடமளித்துள்ளதால், பதிப்பாளரிடம் தட்டச்சுக் கோப்பைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டியதில்லை. அக்கோப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றாமல் மேலே செல்லாதீர்கள். பழைய எழுத்துருக்களில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் தட்டச்சிடப்பட்டிருக்கும். பிரெயிலிலோ மெய்யின் செல் முதலிலும் உயிரின் செல் அடுத்தும் வர வேண்டும். 'கொ' என்பதற்கு அச்சில் மூன்று உருவங்கள் இருந்தாலும் பிரெயிலில் க, ஒ என்ற இரண்டு செல்களே. பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்த உரையிலும் இவ்வரிசை குலைந்திருப்பது வழக்கம் என்பதால், சில பக்கங்களையாவது எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். அழகுக்காகத் தட்டிய தொடர் இடைவெளிகளையும் டேப்களையும் நீக்கிவிடுங்கள்.

அடுத்து மெய்ப்புள்ளி. அச்சில் எழுத்தின் தலைமேல் நிற்கும் புள்ளி, இந்திய மொழிகளுக்கான பொதுப் பிரெயில் முறையாகிய பாரதி பிரெயிலில் 4-ஆம் புள்ளியாகத் தனிச் செல்லில், மெய்க்கு முன்னால் வருகிறது (செல்லின் இடப்பக்கப் புள்ளிகள் மேலிருந்து கீழாக 1, 2, 3; வலப்பக்கப் புள்ளிகள் 4, 5, 6). 'தமிழ்' என்ற சொல் த, ம, இ, புள்ளி, ழ என ஐந்து செல்களாகும். 'மாணவர்களுக்கு' என்ற எட்டெழுத்துச் சொல் பதின்மூன்று செல்களை எடுத்துக்கொள்ளும். ஏ4 தாளில் வரிக்கு முப்பது செல்களுக்குச் சற்று முன்பின்னாகத்தான் அடங்கும் என்பதால், நீண்ட தமிழ்ச் சொற்கள் வரி ஓரத்தில் பெரிய வெற்றிடம் விட்டு அடுத்த வரிக்குத் தாவும். அந்த வெற்றிடத்தைப் பொறுத்துக்கொள்வதே நல்லது. சொல்லைப் பிரித்தே ஆக வேண்டுமானால், புள்ளியை அதன் மெய்யிலிருந்தும் மெய்யை அதன் உயிரிலிருந்தும் பிரிக்காமல், இணைப்புக்கோடு இட்டுப் பிரியுங்கள். லிப்லூயி, டக்ஸ்பரி போன்ற மென்பொருள்கள் தமிழை மாற்றித் தருகின்றன என்றாலும், வரி முறிவுகளை மனிதக் கண்ணோ விரலோ ஒருமுறை சரிபார்ப்பது இன்றியமையாதது.

எண்களில் தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. அடுத்து வருவது எண் என்று காட்டும் எண்குறியைத் தொடர்ந்து வரும் இலக்கங்கள் ஆங்கில அகரவரிசையின் முதல் பத்து எழுத்துகளின் செல்களையே பயன்படுத்துகின்றன. அவற்றுள் 9 என்பதும் தமிழ் 'இ' என்பதும் 2, 4 ஆகிய புள்ளிகளால் ஆன ஒரே செல். அச்சில் '1947இல்' என்று இடைவெளியின்றி இருப்பதை அப்படியே மாற்றினால் விரல் அதை 19479 என்றே படிக்கும். எனவே '1947-இல்' என்று இணைப்புக்கோடு இடுவதை நூல் முழுவதற்கும் விதியாகக் கொள்ளுங்கள். 'ஏ' 5-ஐயும் 'ச' 3-ஐயும் ஒத்திருப்பதால் இந்த விதி வேறு இடங்களிலும் காப்பாற்றும். எண்குறியின் வடிவமும் 'ண' எழுத்தின் வடிவமும் ஒன்றே. தமிழ்ச் சொல் எதுவும் ணகரத்தில் தொடங்குவதில்லை என்பதால் பொதுவாகக் குழப்பம் வராது. ஆனால் ண, ந, ன வேறுபாட்டை விளக்கும் இலக்கணப் பாடத்தில் 'ண' தனித்து நிற்கும்போது பெயர்ப்பாளர் குறிப்பு (பிரெயிலுக்குப் பெயர்ப்பவர் தாமே சேர்க்கும் விளக்கம்) ஒன்று கட்டாயம் வேண்டும்.

இனிப் பக்க எண். பக்க அமைப்பில் மிக முதன்மையானது இதுவே என்பது என் உறுதியான கருத்து. "பக்கம் 45-ஐத் திறங்கள்" என்று ஆசிரியர் சொன்னதும் வகுப்பே திறக்கும்போது, பிரெயிலில் படிக்கும் குழந்தையும் அதே நொடியில் அந்த இடத்தை அடைய வேண்டும். ஆகவே ஒவ்வொரு பிரெயில் பக்கத்திலும் இரண்டு எண்கள் தேவை: அச்சு நூலின் பக்க எண் மேல் வரியின் வலது ஓரத்தில், பிரெயில் பக்க எண் கீழ் வரியின் வலது ஓரத்தில். அச்சின் 45-ஆம் பக்கம் மூன்று பிரெயில் பக்கங்களுக்கு நீண்டால், முதற்பக்கத்தில் 45 என்றும் அடுத்தவற்றில் அந்த எண்ணுக்கு முன் ஆங்கில ஏ, பி எழுத்துகளைச் சேர்த்தும் குறிக்கப்படும். பிரெயில் பக்கத்தின் நடுவிலேயே அச்சுப் பக்கம் 46 தொடங்கினால், 3, 6 புள்ளிகளால் ஆன செல்களை ஒரு வரி முழுவதும் இட்டு, வலது ஓரத்தில் 46 என்று எழுதிவிட்டு உரையைத் தொடர வேண்டும். பக்க எண் உள்ள வரியில் உரையும் வந்தால், எண்ணுக்கு முன் மூன்று செல்களாவது வெறுமையாக இருக்கட்டும்.

தலைப்புகளை அச்சு எப்படிக் காட்டுகிறது என்பதைக் கொண்டு தீர்மானிக்காமல், பாடத்தின் படிநிலையைக் கொண்டு தீர்மானியுங்கள். பாடத் தலைப்பு வரியின் நடுவில், இருபுறமும் குறைந்தது மூன்று வெற்றுச் செல்களுடன், மேலும் கீழும் வெற்று வரியுடன் அமையும். உட்தலைப்பு 5-ஆம் செல்லிலும் அதற்கு உட்பட்டது 7-ஆம் செல்லிலும் தொடங்கும். இவற்றுக்கு முன் மட்டும் வெற்று வரி உண்டு, பின் கிடையாது. எந்தத் தலைப்பும் பக்கத்தின் கடைசி வரியில் தனித்து நிற்கக் கூடாது. பத்தி 3-ஆம் செல்லில் தொடங்கி, தொடர் வரிகள் 1-ஆம் செல்லுக்குத் திரும்பும்; பத்திகளுக்கு இடையே வெற்று வரி வேண்டாம்.

செய்யுளில் இந்த அக்கறை இன்னும் கூட வேண்டும். அடி 1-ஆம் செல்லிலும் அதன் மிச்சம் 3-ஆம் செல்லிலும் வர வேண்டும். குறள் வெண்பாவின் நாற்சீர் முதலடி பலமுறை ஒரு வரியில் அடங்காது. மிச்சத்தை 1-ஆம் செல்லில் இட்டால் மாணவர் அதையே இரண்டாம் அடி எனக் கொண்டு அடிக்கணக்கைத் தவறாகப் படிப்பார். யாப்பிலக்கணம் கற்கும் பிள்ளைக்கு இது பாடத்தையே மாற்றிவிடும்.

பயிற்சிப் பகுதியில் வினா 1-ஆம் செல்லில், விடைத் தெரிவுகள் 3-ஆம் செல்லில், இரண்டின் தொடர் வரிகளும் 5-ஆம் செல்லில் என அமைத்தால், விரலை இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக நகர்த்தியே வினாக்களை எண்ணிவிடலாம். அச்சில் நான்கு தெரிவுகளும் இடத்தைச் சேமிக்க ஒரே வரியில் இருந்தாலும் இங்கே தனித்தனி வரியில் இடுங்கள். 'பொருத்துக' வினாவின் இரு நிரல்களும் அகலத்தில் அடங்காவிட்டால், முதல் பட்டியல் முழுவதையும் தந்துவிட்டு அதன் கீழே இரண்டாவதைத் தந்து, மாற்றத்தைக் குறிப்பில் சொல்லிவிடலாம்.

அட்டவணைக்கும் இதுவே அளவுகோல். நிரல்களுக்கு இடையே இரண்டு வெற்றுச் செல்கள் விட்டும் அடங்கினால் அட்டவணையாகவே வைத்திருங்கள். அடங்காவிட்டால் கிடையையும் நெடுக்கையையும் மாற்றிப் பாருங்கள்; அதுவும் இயலாதபோது, ஒவ்வொரு வரிசையையும் தலைப்புகளோடு சேர்த்துப் பட்டியலாக்குங்கள். இரண்டு பக்கங்களுக்குக் குறுக்கே உடைந்த அட்டவணையை விரலால் படிப்பது பெருந்துன்பம்.

தடித்த எழுத்தும் நிறமும் பொருள் தரும் இடத்தில் மட்டுமே குறிகளாக மாற வேண்டும். "அடிக்கோடிட்ட சொல்லின் பொருள் யாது?" என்ற வினாவில் அது தேவை, தலைப்பு சிவப்பில் இருப்பதைச் சொல்லத் தேவையில்லை. பெட்டிச் செய்திக்கு மேற்கோடாக 2, 3, 5, 6 புள்ளிகளையும் கீழ்க்கோடாக 1, 2, 4, 5 புள்ளிகளையும் வரி முழுதும் இடுவது வழக்கம். பெயர்ப்பாளர் குறிப்பு 7-ஆம் செல்லில் தொடங்கி 5-ஆம் செல்லில் தொடரட்டும். நூலாசிரியரின் சொல்லும் உங்கள் சொல்லும் கலந்துவிடாதபடி அதற்குரிய தொடக்க, முடிவுக் குறிகளும் வேண்டும். படத்தை விவரிக்கும்போது, அதன் கீழுள்ள வினாவின் விடையை நீங்களே சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலச் சொற்கள் தமிழோடு ஒரே செல்களைப் பகிர்வதால், அவற்றைப் பிரித்துக் காட்டும் குறி எதுவோ அதை நூலின் தொடக்கத்திலுள்ள குறிப்பட்டியலில் விளக்குங்கள்.

மெய்ப்பு பார்ப்பதற்குப் பிரெயிலில் விரலால் படிப்பவர் ஒருவரும் அச்சு நூலை உரக்கப் படிப்பவர் ஒருவரும் சேர்ந்து அமர வேண்டும். திரையில் புள்ளிகளைப் பார்த்துத் திருத்துவது இதற்கு ஈடாகாது. திருத்தத்தில் ஒரு வரி கூடினாலும் பின்வரும் பக்கங்களின் வரிகள் நகரும். ஆகையால் ஒவ்வொரு பாடத்தையும் புதிய பக்கத்தில் தொடங்கி, தொகுதிகளைப் பாட முடிவிலேயே பிரியுங்கள். திருத்தம் நேர்ந்த பக்கத்திலிருந்து அந்தப் பாடத்தின் முடிவு வரை பக்க எண்களையும் தலைப்புகளின் இடத்தையும் மறுபடி சரிபார்த்த பிறகே அச்சுப்பொறிக்கு அனுப்புங்கள்.