ஃபுல் ஃப்ரேம் வாங்கியும் படம் மாறவில்லையா? வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் ஃபுல் ஃப்ரேம் கேமரா கைக்கு வந்த வாரத்தில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். பழைய ஏபிஎஸ்-சி கேமராவில் (படம் பதியும் சென்சர் ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறியது) 17-50 எஃப் 2.8 லென்ஸ். முதல் எண்கள் மி.மீ.-இல் ஃபோகல் லெங்த்; எஃப் எண் சிறியதாக ஆக, உள்ளே வரும் ஒளி கூடும். புதியதில், அதோடு கூடவே வந்த 24-105 எஃப் 4. ஒரே ட்ரைபாடில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பூட்டி, இரவு அறை விளக்கில் புத்தக அலமாரியைப் படம் எடுத்தேன். இரண்டு லென்ஸிலும் அப்பர்ச்சரை (ஒளி நுழையும் திறப்பை) முழுக்கத் திறந்து, ஷட்டர் ஸ்பீடை ஒரே அளவில் வைத்தேன். பழைய கேமரா ஐஎஸ்ஓ (படத்தைப் பிரகாசமாக்கும் அளவு) 1600 கேட்டது. புதியது 3200 கேட்டது. கணினியில் இரண்டையும் அருகருகே வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தால், புத்தக முதுகின் எழுத்து, நிழலில் பொடிப்பொடியாகத் தெரியும் நாய்ஸ், பின்னால் மங்கிக் கிடக்கும் சுவர் எல்லாம் ஒரே மாதிரி. எது எந்தக் கேமரா என்று ஃபைல் பெயரைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. சேர்த்து வைத்த பணமெல்லாம் போயிருந்தது.

கேமராவில் எந்தக் குறையும் இல்லை. வாங்குவதற்கு முன் நான் போட்டிருக்க வேண்டிய ஒரு சின்னக் கணக்கைப் போடவில்லை, அவ்வளவுதான். ஃபுல் ஃப்ரேம் சென்சர் 36 × 24 மி.மீ.; பழைய 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படத்துக்கு எவ்வளவு இடமோ அதே அளவு. ஏபிஎஸ்-சி சுமார் 23.5 × 15.6 மி.மீ. கேனனில் இன்னும் கொஞ்சம் சிறியது, 22.3 × 14.9. பரப்பில் 2.3 மடங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கிறதே என்று தோன்றும். ஸ்டாப் கணக்குக்குக் கொண்டுவந்தால் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்கு) அது சுமார் ஒன்றேகால் ஸ்டாப்தான். எஃப் 2.8 லென்ஸை விட்டு எஃப் 4-க்குப் போனபோது அதில் ஒரு ஸ்டாப்பை நானே திருப்பிக் கொடுத்துவிட்டேன். மிச்சம் கால் ஸ்டாப். கண்ணுக்கு அது தெரியாது.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஏபிஎஸ்-சி லென்ஸின் ஃபோகல் லெங்த்தையும் எஃப் எண்ணையும் 1.5-ஆல் (கேனன் என்றால் 1.6-ஆல்) பெருக்குங்கள். 17-50 எஃப் 2.8 என்பது ஃபுல் ஃப்ரேமில் கிட்டத்தட்ட 25-75 எஃப் 4.2 செய்யும் வேலையைச் செய்கிறது. பேக்ரவுண்ட் எவ்வளவு மங்கும், ஒரே ஷட்டர் ஸ்பீடில் நாய்ஸ் எவ்வளவு வரும் என்ற இரண்டுக்கும் இந்தக் கணக்கு ஏறக்குறையப் பொருந்தும். எக்ஸ்போஷர் மீட்டர் காட்டும் எண்ணுக்குப் பொருந்தாது, எஃப் 2.8 எந்தக் கேமராவிலும் எஃப் 2.8-தான். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மணிக்கணக்கில் சண்டை போடுகிறவர்கள் நிறைய. ஒதுங்கிப் போய்விடுங்கள்.

இதே கணக்கு வேறு ஒருவருக்கு வேறு விடை சொல்லும். உங்களிடம் இருப்பது கேமராவோடு சேர்த்து விற்கும் 18-55 எஃப் 3.5-5.6 கிட் லென்ஸ் மட்டும் என்றால், அது ஃபுல் ஃப்ரேமில் 27-82 எஃப் 5.3-8.4-க்குச் சமம். அங்கிருந்து எஃப் 4 ஜூமோடு ஃபுல் ஃப்ரேமுக்குப் போனால், ஜூம் செய்த முனையில் இரண்டு ஸ்டாப் லாபம். அது நிஜமாகவே தெரியும். ஆனால் அதே பழைய பாடியில் (லென்ஸ் நீங்கலான கேமராவில்) ஒரு 50 எஃப் 1.8 மாட்டினால், 5.6-இலிருந்து 1.8-க்கு மூன்று ஸ்டாப்புக்கு மேல் கிடைக்கிறது. பல கேமரா நிறுவனங்களின் பட்டியலில் மலிவான லென்ஸ்களின் வரிசையில் நிற்பது அது. இதைச் சொன்னால் பலருக்கு முகம் வாடிவிடும், ஏனென்றால் அவர்கள் மனதுக்குள் கேமரா ஏற்கெனவே வாங்கியாயிற்று.

பட்ஜெட் முழுவதையும் பாடியில் கொட்டுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. யானை வாங்கியவன் அங்குசம் வாங்க யோசித்த கதை. பாடி நாலைந்து வருடத்தில் பழசாகி விலை சரியும். நல்ல லென்ஸ் அடுத்த பாடிக்கும், அதற்கு அடுத்ததற்கும் கூடவே வரும். முதலில் உங்களுக்கு வேண்டிய லென்ஸ் எது என்று முடிவு செய்து, அதன் விலையை ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சத்தில் என்ன பாடி வருகிறதோ அதை வாங்குங்கள். ஒரு தலைமுறை பழைய பாடியாக இருந்தாலும் பரவாயில்லை.

வேண்டிய லென்ஸ் எது என்று எப்படித் தெரியும்?

அடுத்தவரைக் கேட்டால் அவருக்கு வேண்டியதைத்தான் சொல்வார். உங்கள் பழைய படங்களைக் கேளுங்கள். ஒவ்வொரு படத்துக்குள்ளும் எந்த ஃபோகல் லெங்த், எந்த அப்பர்ச்சர், என்ன ஐஎஸ்ஓ என்ற விவரம் பதிவாகியிருக்கிறது. லைட்ரூம் மென்பொருளில் மெட்டாடேட்டா ஃபில்டரில் பார்க்கலாம். இலவசமாக வேண்டுமென்றால் டிஜிகேம் இருக்கிறது. ஒரு வருடத்தில் உங்களுக்கே பிடித்த ஓர் இருநூறு படங்களை எடுத்து ஃபோகல் லெங்த் வாரியாக அடுக்குங்கள். நான் என்னை ஒரு லேண்ட்ஸ்கேப் ஆள் என்று நினைத்துக்கொண்டு 16-35 வாங்கத் துடித்துக்கொண்டிருந்தேன். அடுக்கிப் பார்த்தால் பிடித்த படங்களில் பெரும்பாலானவை 35-க்கும் 50-க்கும் நடுவில். அதிலும் பாதி மனித முகங்கள்.

பிடித்த படங்களைப் பார்த்து முடித்ததும் கெட்டுப்போன படங்களையும் திறந்து பாருங்கள். இது கொஞ்சம் வலிக்கும், ஆனால் பணத்தை மிச்சப்படுத்தும். படம் ஏன் கெட்டது? ஓடுகிற குழந்தை கலங்கலாக இருக்கிறது என்றால் ஷட்டர் ஸ்பீடு போதவில்லை. பாடிக்குள் இருக்கும் ஸ்டெபிலைசேஷன் உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும், குழந்தையைப் பிடித்து நிறுத்தாது. ஃபோகஸ் கண்ணை விட்டுக் காதில் போய் உட்கார்ந்திருக்கிறது என்றால், கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ் உள்ள புதிய மிரர்லெஸ் (உள்ளே மிரர் இல்லாத) பாடி நிச்சயம் உதவும். பாடியை மாற்ற இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரிந்து வேறில்லை, அதற்கும் சென்சர் அளவுக்கும் சம்பந்தமும் இல்லை. நாய்ஸ்தான் பிரச்சினை என்றால் மேலே போட்ட கணக்குக்குத் திரும்புங்கள். உச்சிவெயிலில் கண்ணுக்குக் கீழே கறுப்பாக நிழல் விழுந்திருக்கிறது என்றால் எந்தக் கேமராவும் அதற்கு மருந்தில்லை.

பறவை, விளையாட்டு எடுப்பவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ஏபிஎஸ்-சியில் 300 மி.மீ. லென்ஸ் 450 மி.மீ. போலப் பார்க்கும். ஃபுல் ஃப்ரேமுக்கு மாறிய அன்றே அந்த நெருக்கம் போய்விடும். படத்தை வெட்டிக்கொள்ளலாமே என்றால், 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் படத்தை ஏபிஎஸ்-சி அளவுக்கு வெட்டினால் கையில் மிஞ்சுவது 10 மெகாபிக்சல் சொச்சம். பழைய 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி தந்த நுணுக்கம் அதே தூரத்திலிருந்து வேண்டுமென்றால் 54 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் வேண்டும், அல்லது நீளமான, கனமான லென்ஸ் வேண்டும். பழைய ஏபிஎஸ்-சி லென்ஸ்களை ஃபுல் ஃப்ரேம் பாடியில் மாட்டிச் சமாளிக்கலாம் என்ற யோசனைக்கும் இதே கதிதான். கேமரா தானே, சென்சரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும் கிராப் மோடுக்குப் போய் அதே 10 மெகாபிக்சலைத்தான் கொடுக்கும். கேனனின் இஎஃப்-எஸ் லென்ஸ்கள் ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆரில் (மிரர் வைத்த பழைய வகைக் கேமராவில்) பொருந்தவே பொருந்தாது.

இதன் மறுபக்கமும் ஒரு தவறு. என்றைக்காவது ஃபுல் ஃப்ரேம் வாங்குவோம் என்று இப்போதே ஏபிஎஸ்-சி பாடிக்கு 24-70 வாங்கிவிடுவது. இன்றைய கேமராவில் அது 36-105 ஆகிவிடும். அறைக்குள் பத்துப் பேரை ஒரே படத்தில் அடக்க முடியாமல் முதுகு சுவரில் இடிக்கும் வரை பின்னால் நகர்வீர்கள். அந்த என்றைக்காவது பல பேருக்கு வருவதே இல்லை.

மவுண்ட்டைப் பார்க்காமல் பாடியைத் தேர்ந்தெடுப்பது

லென்ஸைப் பாடியில் பூட்டும் இணைப்புதான் மவுண்ட். கேமரா வாங்கும்போது நாம் உண்மையில் சேர்வது ஒரு மவுண்ட் குடும்பத்தில். சோனி தன் இ மவுண்ட்டின் தொழில்நுட்ப விவரங்களை 2011-இலேயே மற்ற நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. அதனால் சிக்மா, டாம்ரான் முதலானோரின் லென்ஸ்கள் அங்கே குவிந்து கிடக்கின்றன. லைகா, பானாசோனிக், சிக்மா மூன்றும் 2018-இல் கைகோத்து எல் மவுண்ட்டைப் பகிர்ந்துகொண்டன. கேனன் மிரர்லெஸ்ஸின் ஆர்எஃப் மவுண்ட்டில் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் 2024-இல்தான் கதவு திறந்தது, அதுவும் ஏபிஎஸ்-சி லென்ஸ்களுக்கு. ஆகவே பாடியின் அம்சங்களை ஒப்பிடும் முன், உங்களுக்கு வேண்டிய இரண்டு லென்ஸ் அந்தக் குடும்பத்தில் நீங்கள் தரக்கூடிய விலைக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் மற்ற ஒப்பீடெல்லாம் பொழுதுபோக்கு.

பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அடாப்டர் ஒரு வரம். கேனன் இஎஃப் லென்ஸ் சென்சரிலிருந்து 44 மி.மீ. தள்ளி உட்கார வேண்டும், ஆர்எஃப் மவுண்ட்டில் அந்தத் தூரம் 20 மி.மீ.தான். நடுவில் இருக்கும் 24 மி.மீ. வெற்றிடத்தை நிரப்பும் ஒரு குழாய்தான் அடாப்டர். உள்ளே கண்ணாடி இல்லை, அதனால் படத்தின் தரமும் குறையாது. இஎஃப் லென்ஸ்களில் 1987-இல் தொடங்கியதிலிருந்தே மோட்டார் லென்ஸுக்குள் இருப்பதால் ஆட்டோஃபோகஸும் வேலை செய்யும். நிக்கானில் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. பாடியில் இருக்கும் மோட்டாரால் இயங்கிய பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் எஃப்டிஇசட் அடாப்டரில் பொருந்தும், ஆனால் ஃபோகஸை நீங்கள்தான் கையால் திருப்ப வேண்டும். தந்தையோ மாமாவோ கொடுத்த பழைய லென்ஸை நம்பிப் பாடி வாங்குகிறவர்கள் இதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெகாபிக்சல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 4கே திரை முழுவதையும் நிரப்ப 8.3 மெகாபிக்சல் போதும். ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட 8.7 போதும். 24 மெகாபிக்சல் என்றால் அதே தரத்தில் 20 அங்குல அகலம் வரை போகலாம். 24-இலிருந்து 45-க்குத் தாவினால் இருமடங்கு என்று தோன்றும், அகலத்தில் கூடுவது நாற்பது சதவீதத்துக்கும் குறைவு. வெட்டி வெட்டி எடுக்கிறவர்களுக்கு அது உதவும். மற்றவர்களுக்கு அதனால் வருவது செலவு: 61 மெகாபிக்சல் கேமராவில் சுருக்காத ஒரு ரா ஃபைல் (சென்சர் பதிந்ததை அப்படியே வைத்திருப்பது) சுமார் 120 எம்பி. மெமரி கார்டு, ஹார்ட் டிஸ்க், அதற்கு ஒரு பேக்கப், முக்கி முனகும் கணினி எல்லாம் வரிசையில் நிற்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

சுமை என்றதும் கனம் நினைவுக்கு வருகிறது. 16-35, 24-70, 70-200 மூன்றும் எஃப் 2.8-இல் வைத்திருப்பது பலருடைய கனவு. தொழிலாக எடுப்பவர்களுக்கு அது அவசியம். ஞாயிற்றுக்கிழமை கேமராவைத் தூக்குகிற நமக்கு அது பெரும்பாலும் வீட்டில் தூங்கும். கேனனின் ஆர்எஃப் 50 எஃப் 1.8 வெறும் 160 கிராம். அதே 50-ஐ எஃப் 1.2-இல் எடுத்தால் 950 கிராம். நடுவில் கிடைக்கும் ஒளி லாபம் ஒரு ஸ்டாப்பும் கொஞ்சமும். எது தினமும் பையில் ஏறும் என்று உங்கள் தோளைக் கேளுங்கள். வாடகைக்குக் கிடைத்தால் இரண்டு நாள் சுமந்து பார்த்துவிட்டு முடிவு செய்வது உத்தமம்.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதில் தப்பே இல்லை, டார்ச் இல்லாமல் வாங்குவதுதான் தப்பு

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. தூரத்தில் உள்ளதை நெருக்கிக் காட்டும் ஒரு பழைய டெலி லென்ஸ், வெளியே கீறல்கூட இல்லை, பளபளவென்றிருந்தது. வாங்கி வந்து ஒரு மாதம் கழித்து, வெளிச்சத்துக்கு எதிராக எடுத்த படங்கள் எல்லாம் பால் ஊற்றியது போல வெளுத்திருக்க, என்னடா இது என்று செல்போன் டார்ச்சைப் பின்பக்கம் சாய்த்து அடித்துப் பார்த்தேன். உள்ளே நடுக்கண்ணாடியின் ஓரத்திலிருந்து வெள்ளை நூல் நூலாக, செடியின் வேர் போலப் படர்ந்திருந்தது. ஃபங்கஸ். விற்றவருக்கே தெரிந்திருக்காது. சுத்தம் செய்பவர் பிரித்துத் துடைத்துக் கொடுத்தார். கண்ணாடிப் பூச்சை அது அரித்த தடம் மட்டும் போகவில்லை.

ஆகவே இரண்டு மூடிகளையும் கழற்றி, அப்பர்ச்சரைத் திறந்து வைத்து, டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்னும் பின்னும் பாருங்கள். நாலைந்து தூசி இருந்தால் கவலை வேண்டாம். நூல் போன்ற படர்தல், புகைமூட்டம், அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பசை ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். மவுண்ட்டுக்குப் பக்கத்துத் திருகுகளின் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று பொருள். பிறகு ஒரு செங்கல் சுவரை நேராக நின்று, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து எடுங்கள். நான்கு மூலையும் கொஞ்சம் மங்கலாக இருந்தால் அது லென்ஸின் இயல்பு. ஒரு பக்கம் மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது. பாடி என்றால் ஷட்டர் கவுண்ட் (ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்ற எண்) கேட்பது வழக்கம்; மிரர்லெஸ்ஸில் எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தவை அந்த எண்ணில் சேராமல் போவதுண்டு, ஆகவே குறைந்த எண்ணைப் பார்த்து ரொம்ப மகிழ வேண்டாம். வாங்கிய பின் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருக்கும் காற்றுப்புகாத பெட்டியில் வையுங்கள். தோல் உறைக்குள் மூடி வைத்தால் ஃபங்கஸுக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி.

அந்த 24-105 இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பகலில் ஊர் சுற்ற அதைவிடச் சுகமான லென்ஸ் இல்லை. ஆறு மாதம் கழித்து ஒரு 50 எஃப் 1.8 வாங்கி, அதே அலமாரி, அதே விளக்கு, அதே ஷட்டர் ஸ்பீடில் மறுபடி எடுத்தேன். ஐஎஸ்ஓ 640 போதும் என்றது கேமரா. நடுவில் இருந்த புத்தகத்தின் எழுத்து அச்சு மையின் ஓரம்வரை துல்லியமாக இருந்தது. அதற்கு நன்றாகவே பின்னால் தள்ளி இருந்த புத்தகத்தின் பெயரைத்தான் படிக்க முடியவில்லை.