லினக்சுக்காகப் பழைய திங்க்பேட் டி480 வாங்கப் போகிறீர்களா?

2018-இல் வந்த லெனோவோ திங்க்பேட் டி480 மடிக்கணினி இன்றும் லினக்ஸ் இயங்குதளத்துக்கு நல்ல வண்டி. அலுவலகங்கள் கழித்துவிட்டவை சென்னை ரிச்சி தெரு மாதிரியான இடங்களில் கிடைக்கும். ஆனால் பெயர் ஒன்றுதான், உள்ளிருக்கும் பாகங்கள் ஆளுக்கொரு விதம். அதனால் உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் லைவ் பதிப்பை (நிறுவாமலே ஓடும் லினக்ஸ்) ஏற்றிய 8 ஜிபி பென் டிரைவ் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள். விண்டோஸில் ஓடுவதைக் காட்டி விற்பது இங்கே எதற்கும் ஆதாரமாகாது.

முதலில் பெயர்ப்பலகையில் மாடல் எண்ணைப் பாருங்கள். டி480-இல் இரண்டு ரேம் ஸ்லாட் உண்டு. டி480எஸ்-இல் ஒரு பகுதி போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும், ஒரு ஸ்லாட்தான் மிச்சம். எக்ஸ்280-இல் முழுவதும் சால்டர். 8 ஜிபி என்றால் கடைசிவரை 8 ஜிபிதான். என்விடியா எம்எக்ஸ்150 கிராஃபிக்ஸ் சிப் உள்ள டி480 கூடுதல் விலைக்கு வரும், வேண்டாம்: டிரைவர் தொல்லையும் பேட்டரிச் செலவும்தான் மிச்சம். திரை 1366×768 என்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

இயக்கியதும் எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) போங்கள். பாஸ்வேர்டு கேட்டால், அது விற்பவருக்கும் தெரியாவிட்டால், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பயாஸைப் பூட்டும் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு, போர்டிலுள்ள சிறு சிமாஸ் பேட்டரியைக் கழற்றினாலும் போகாது. பெரும்பாலும் போர்டு மாற்றுவதுதான் வழி. செக்யூரிட்டி பகுதியில் அப்சல்யூட் (நிறுவனங்கள் கணினியைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் வசதி) ஆக்டிவேட் ஆகியிருந்தால், பழைய நிறுவனம் அதை முறைப்படி விடுவிக்கவில்லை என்று சந்தேகப்படலாம். பில் கேளுங்கள்.

பிறகு எஃப்12, பென் டிரைவிலிருந்து பூட். வைஃபை இன்டெல் 8265 என்றால் எதுவும் நிறுவாமலே இணையும். கேமரா, ஒலி, மைக், வெளிச்சக் கட்டுப்பாடு எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். மூடியை மூடுங்கள்: மேலட்டையின் சிவப்புப் புள்ளி மெதுவாக மின்ன வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துத் திறந்ததும் திரையும் வைஃபையும் திரும்ப வர வேண்டும். கைரேகை உணரி பொதுவாக நேரடியாக வேலை செய்யாது. தனிப்பட்ட டிரைவரோடு மல்லுக்கட்ட வேண்டும். அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தராதீர்கள்.

யூஎஸ்பி-சி துளைகள் இரண்டையும் சார்ஜரோடும் மானிட்டரோடும் சோதிக்க வேண்டும். அந்தக் காலத்துத் தண்டர்போல்ட் (யூஎஸ்பி-சி வழியாக வரும் அதிவேக இணைப்பு) கட்டுப்பாட்டு சிப்பின் ஃபர்ம்வேரில், அதாவது உள் மென்பொருளில், குறை இருந்தது. நாளடைவில் துளை செயலிழந்துவிடும். லெனோவோ திருத்தம் வெளியிட்டது, ஆனால் அது போடப்படாத இயந்திரங்கள் இன்னும் சந்தையில் உள்ளன. மானிட்டரில் படம் வராவிட்டால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பேட்டரி இரண்டு: உள்ளே 24 வாட்-மணி, வெளியே கழற்றக்கூடியது 24, 48 அல்லது 72. டெர்மினலில் யூபவர் (upower) கட்டளை இரண்டின் முழுக்கொள்ளளவையும் வடிவமைப்புக் கொள்ளளவையும் தனித்தனியே காட்டும். முழுக்கொள்ளளவு வடிவமைப்பில் அறுபது சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் புதிய பேட்டரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள்.

வாங்கிய பின் செய்ய வேண்டியவை மூன்று. ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும் எஃப்டபிள்யூஅப்டி (fwupd) வழியாகப் பயாஸைப் புதுப்பியுங்கள். மின்சேமிப்புக் கருவியான டிஎல்பி (TLP) நிறுவி சார்ஜை 75–80 சதவீதத்தில் நிறுத்தும்படி அமையுங்கள். கனமான வேலையில் சிபியு தேவைக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டால் ‘திராட்டில்டு’ (throttled) என்ற சிறு மென்பொருள் அந்த வரம்பை உயர்த்தும். அதற்கு முன் விசிறித் தூசியைத் தட்டி, காய்ந்த தெர்மல் பேஸ்ட்டை மாற்றிவிடுங்கள்.