காலிமுகத்திடலில் இரண்டே கோடுகளால் கடல் வரைய

வெள்ளவத்தைப் பக்கமிருந்து 100 ஆம் இலக்க பஸ்ஸில் வந்து கொழும்புக் கடற்கரையான காலிமுகத்திடலில் இறங்குங்கள். பட்டக்காரர்களும் இறால் வடைக் கூட்டமும் சேருமுன் வந்துவிட்டால் நல்லது. பெரிய தாள், பலகை, காற்றுக்குத் தாங்கும் கிளிப்புகள், கரித்துண்டு, அழிறப்பர். நிறம் வேண்டாம்.

கடலுக்குள் நீளும் நடைமேடையை நேராகப் பார்த்தபடி உட்காருங்கள். 1914 இல் நோயுற்ற தந்தையைப் பார்க்கப் பாரிஸிலிருந்து ஒல்லாந்து வந்த ஓவியர் பியற் மொன்றியானுக்கு, போர் மூண்டதால் அங்கேயே தங்க நேர்ந்தது. டொம்பேர்க் கடற்கரையின் இறங்குதுறையையும் கடலையும் அவர் திரும்பத் திரும்ப வரைந்தது அப்போதுதான். அவர் வழியில்தான் நாமும் வரையப்போகிறோம்.

முதலில் தாளில் மெல்லிய நீள்வட்டம் ஒன்று. அதற்குள் குறுங்கோடுகள் மட்டும்: அலைக்குக் கிடைக்கோடு; தூணுக்கும் நீரில் விழும் ஒளிக்கும் நிலைக்கோடு. சாய்கோடு கூடவே கூடாது. அலை சாய்ந்து வந்தாலும் கை சாயக்கூடாது. கீழே நடுவில் நிலைக்கோடுகள் நீளமாக, நெருக்கமாக நிற்கட்டும். மேலே போகப் போகச் சிறுத்து ஐதாகட்டும்.

கோடுகள் சந்திக்கும் இடம்தான் வேலையே. என் வகுப்புப் பிள்ளைகள் எல்லா இடத்திலும் கூட்டல் குறி போட்டு, கடலைக் கல்லறைத் தோட்டம் போலாக்கிவிடுவார்கள். சில கோடுகள் வெட்டட்டும். சில முட்டி நிற்கட்டும். சில தொடாமலே நின்றுவிடட்டும். எந்தப் பக்கமும் வெல்லக்கூடாது. கிடைக்கோடு மிஞ்சினால் படம் படுத்துவிடும். அழிறப்பரால் தட்டி எடுங்கள்.

மொன்றியான் 1909 இல் பிரம்மஞான சபை (தியோசொபி) என்ற ஆன்மிக இயக்கத்தில் சேர்ந்தவர். அச்சபையை நிறுவியவர்களில் ஒருவரான ஓல்கொட் நம் கோட்டை ரயில் நிலையத்தின் முன் சிலையாக நிற்கிறார். நிலைக்கோடு ஆண், ஆன்மா. கிடைக்கோடு பெண், சடப்பொருள். இது மொன்றியானின் கணக்கு. அர்த்தநாரீசுவரர் என்று யாராவது உடனே சொல்வார்கள். சொல்லட்டும், நீங்கள் வரைய வேண்டாம். 1911 இல் அவரே ‘பரிணாமம்’ என்று மூன்று பெண்ணுருவங்களை முக்கோணம், நட்சத்திரம் எல்லாம் சேர்த்துத் தீட்டினார். எனக்கு அது உரத்த பிரசங்கம். 1915 இன் கறுப்பு வெள்ளைக் கடலில் அடையாளம் எதுவும் இல்லை. அடையாளங்கள் சொல்ல வந்ததைக் கோடுகளே சொல்லிவிடுகின்றன.

முடிந்ததும் சற்றுத் தள்ளிப் பிடித்துத் தலைமுடி ஸ்பிரே அடித்துக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் பஸ்ஸில் உங்கள் கடல் பக்கத்து இருக்கைக்காரரின் வெள்ளைச் சட்டைக்கு மாறிவிடும்.