‘ஊருக்கு ஊர் நியாயம் மாறும்’ என்று முடிப்பதற்கு முன்

ஓசூருக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் நடந்த பேச்சு இது. தேன்கனிக்கோட்டைப் பையன் ஒருவன் கல்யாணப் பத்திரிகை கொடுத்தான். பெண் அவனுடைய அக்கா மகள். பக்கத்து சீட்டு பீகார்காரருக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவர் ஊரில் தாய்மாமன் அப்பாவுக்குச் சமம். பையனுக்கோ அவள் உரிமைப் பெண், கட்டாமல் விட்டால்தான் அக்கா மனம் நோகும். பின்சீட்டிலிருந்து ஒருவர், “ஊருக்கு ஊர் நியாயம் மாறும், விடுங்கப்பா” என்றார். எல்லோரும் தலையாட்டினோம்.

முதல் தவறு அந்தத் தலையாட்டலில்தான் இருக்கிறது. வழக்கம் மாறுவது கண்ணால் காண்பது. சரியும் தவறும் சேர்ந்தே மாறுகின்றன என்பது நாமாகச் சேர்த்துக்கொள்வது. தர்மபுரிப் பக்கம் பல்லில் காவி ஏறுவதற்கு ஒரு ஊர் பரம்பரை என்று சொல்லலாம், அடுத்த ஊர் சாபம் என்று சொல்லலாம். நிலத்தடி நீரில் இருக்கும் புளூரைடு இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். நியாயத்தைத் தண்ணீர் மாதிரி சோதித்துப் பார்க்க முடியாதே என்று கேட்டால், அது நல்ல கேள்வி. ஆனால் அதைத் தனியாக வாதாடித்தான் நிறுவ வேண்டும். வழக்கங்களின் பட்டியல் அதற்குப் போதாது.

அடுத்தது, மேலே தெரியும் வித்தியாசத்தை அடிவரை போவதாக நினைப்பது. பாரசீக மன்னன் தாரியஸ், இறந்த தந்தையை எரிக்கும் கிரேக்கர்களிடம் அந்த உடலைத் தின்ன என்ன விலை வேண்டும் என்று கேட்டானாம். தின்னும் வழக்கமுள்ள இந்தியக் கூட்டத்தாரிடம் எரிக்க என்ன விலை என்றானாம். இரு தரப்பும் பதறிப்போனார்கள். வழக்கமே அரசன் என்பதற்குச் சான்றாகப் பழங்கால கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் இதைச் சொல்கிறார். எனக்கு அதில் தெரிவது வேறு: தந்தையின் உடலை அவமதிக்கக் கூடாது என்பதில் இரண்டு கூட்டமும் ஒன்று.

என்னை அதிகம் உறுத்துவது மூன்றாவது. ‘எங்க சமூகத்தில் இது சரி’ என்னும்போது, அந்தச் சமூகம் யார்? கிருஷ்ணகிரி மலைக் கிராமங்களில் பதினைந்து வயதுப் பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு, எங்க வழக்கம் என்பார்கள். சொல்வது அப்பா, மாமா, ஊர்ப் பெரியவர். அந்தப் பெண்ணும் அதே சமூகம்தானே? அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததா? பெண் சிசுக்கொலையும் இப்படித்தான். 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பிறகு தர்மபுரிக்கும் வந்தது. ஊர் ஏற்றதே சரி என்றால், ‘கொல்லாதே, தொட்டிலில் போடு’ என்றவர்கள் தப்பு செய்தவர்களாகிவிடுவார்கள். அப்படிப் பார்த்தால், ‘நாங்கள் திருந்திவிட்டோம்’ என்று அந்த ஊர்களே இன்று சொல்லவும் முடியாது. மாறிவிட்டோம் என்று மட்டும்தான் சொல்லலாம்.

‘அதனால் எல்லா வழக்கத்தையும் மதிப்போம்’ என்பதும் நிற்காது. மதிக்க வேண்டும் என்பதே எல்லா ஊருக்கும் போடுகிற ஒரு விதி.

எதிர்ப்பக்கமும் வழுக்குகிறது. பொதுவான நியாயம் உண்டு என்பது ஒன்று, அது முழுக்க என் கையில் இருக்கிறது என்பது வேறு. 1871-இல் ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டு, முழுச் சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்தியது. போட்டவர்களுக்குத் தங்கள் நீதியில் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. நாடு முழுவதும் அது நீங்க 1952 ஆயிற்று. அந்த பீகார்காரரின் முகச்சுளிப்பையே சட்டமாக்கினாலும் அதே கோளாறுதான். 1955-இன் இந்து திருமணச் சட்டம் நெருங்கிய உறவில் மணம் கூடாது என்றாலும், வழக்கம் இருந்தால் விலக்கு தருகிறது.

அந்தப் பத்திரிகையை இப்போது எடுத்துப் பார்க்கிறேன். பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் பி.எஸ்சி. என்று அச்சாகியிருக்கிறது. ஓசூர் வரும்வரை முறையா, முறையில்லையா என்று அரைமணி நேரம் பேசினோம். அவளுக்குச் சம்மதமா என்று பஸ்ஸில் ஒருவரும் கேட்கவில்லை.