பழைய கடற்படைப் படச்சுருள்களைப் பார்க்கும் முறை

மதுரை, திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் வட்டாரங்களில் கடற்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். கடலைப் பார்க்க வேண்டுமானால் ராமநாதபுரம் தாண்டியோ தூத்துக்குடிக்கோ போக வேண்டிய ஊர்களில், கப்பலில் பதினைந்து ஆண்டுகளைக் கழித்த ஒருவர் என்னதான் விவரித்தாலும், கேட்கிற பேரப்பிள்ளைகளுக்கு அது மனக்கண்ணில் விரிவதில்லை. இந்தக் குறையைத் தீர்க்க, இப்போது இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் பழைய கடற்படைப் படச்சுருள்கள் பெரிதும் உதவும். ஆனால் அவற்றைப் போகிற போக்கில் பார்த்தால் பீரங்கியும் புகையும் மட்டுமே நினைவில் நிற்கும். படத்தை எடுக்கச் செய்த அரசாங்கம் காட்ட விரும்பியது ஒன்று, சட்டகத்தின் (ஃபிரேமின்) ஓரத்தில் தானாகப் பதிந்துவிட்டது வேறொன்று. கடல் வாழ்க்கை பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. அதை எடுத்துப் பார்ப்பதற்கான வழிமுறையைக் கீழே விளக்குகிறேன்.

தேடும் இடங்கள்

பிரிட்டிஷ் பாத்தே என்ற செய்திப்பட நிறுவனம் 2014-இல் தன் சேகரிப்பிலிருந்து ஏறத்தாழ 85,000 படத்துண்டுகளை யூடியூபில் ஏற்றியது. லண்டனிலுள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் இணையப் பட்டியலில் படம் இல்லாவிட்டாலும் காட்சி விவரம் பல இடங்களில் கிடைக்கும். அமெரிக்க தேசிய ஆவணக்காப்பகத்தில் அந்நாட்டுக் கடற்படையின் படங்கள் ஏராளம். இந்தியாவைப் பொறுத்தவரை, 1948-இல் தொடங்கப்பட்டு 2022-இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்ட ஃபிலிம்ஸ் டிவிஷனின் செய்திப் படங்களே முதன்மையானவை. கதைப்படத்துக்கு முன்னால் அவற்றைத் திரையிட வேண்டும் என்று திரையரங்குகளுக்கு விதி இருந்ததால், 1952-இல் திறக்கப்பட்ட மதுரை தங்கம் தியேட்டரிலும் சுற்றுப்பட்டு டூரிங் கொட்டகைகளிலும் படம் பார்த்து வளர்ந்த தலைமுறை, தமிழ் விளக்கவுரையோடு போர்க்கப்பல்களைத் திரையில் பார்த்துத்தான் இருக்கிறது. இடைவேளை முறுக்குக்குக் காத்திருந்த கூட்டம் அதை எவ்வளவு கவனித்தது என்பது வேறு விஷயம்.

தேடும்போது இன்றைய பெயர்களை இட்டால் பாதிப் படங்கள் அகப்படா. மும்பையைப் பம்பாய் என்றும், விசாகப்பட்டினத்தை விஜாகபட்டம் (Vizagapatam) என்றும், இலங்கையைச் சிலோன் என்றும் அக்கால ஆங்கில எழுத்துக்கூட்டலிலேயே தேட வேண்டும். 1934 அக்டோபரிலிருந்து குடியரசு நாள் வரையிலான காலத்துக்கு ‘ராயல் இண்டியன் நேவி’ என்ற பெயரையும், கப்பலின் பெயருக்கு முன் ‘எச்.எம்.ஐ.எஸ்.’ என்ற எழுத்துகளையும் இடுங்கள். 1950 ஜனவரி 26-க்குப் பிந்தையவற்றுக்கு ‘ஐ.என்.எஸ்.’ போதும்.

முதல் பார்வைக்கு ஒலி வேண்டாம்

ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டு முதலில் பாருங்கள். இப்படங்களில் நாம் கேட்கும் பீரங்கி முழக்கமும் அலையோசையும் பெரும்பாலும் பின்னர் ஒலிக்கூடத்தில் சேர்க்கப்பட்டவை. விளக்கவுரையோ படப்பிடிப்பு முடிந்து வெகு நாள் கழித்து, கப்பலில் கால் வைக்காத ஒருவர் எழுதியதாகவும் இருக்கலாம். ‘நம் வீரர்கள் மகிழ்ச்சியோடு உண்கிறார்கள்’ என்று ஒரு குரல் சொல்லிவிட்டால் நம் கண் அந்த மகிழ்ச்சியைத்தான் தேடும். குரல் இல்லாதபோது தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கும்.

அடுத்து, ஓட்ட வேகத்தைச் சரிபாருங்கள். மௌனப்படக் காலத்தில் நொடிக்கு 16 முதல் 18 சட்டகம் வரை எடுத்த சுருளை 24 சட்டக வேகத்தில் ஓட்டினால், மாலுமிகள் பொம்மைகளைப் போல் துள்ளித் துள்ளி நடப்பார்கள். யூடியூபில் வேகத்தை 0.75 ஆக்கினால் நடை ஏறக்குறைய இயல்புக்கு வந்துவிடும். படத்தை நிறுத்திவிட்டுக் கணினி விசைப்பலகையில் காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளை அழுத்தினால் ஒவ்வொரு சட்டகமாகப் பின்னும் முன்னும் நகரும். கைபேசியில் பார்ப்பதைவிடக் கணினியில் பார்ப்பது நல்லது என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

காட்சிகள் ஏன் அவ்வளவு குறுகிய நேரமே ஓடுகின்றன என்று புதியவர்கள் கேட்பார்கள். போர்முனையில் பரவலாகப் பயன்பட்ட ஐமோ வகை 35 மி.மீ. கேமராவில் 100 அடிச் சுருள்தான் பொருத்துவார்கள். 24 சட்டக வேகத்தில் அது ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடித் தீர்ந்துவிடும். சாவி கொடுத்து முடுக்கும் கேமராவாகையால் அந்த ஒரு நிமிடத்தையும் ஒரே மூச்சில் எடுக்க முடியாது. ஆகவே ஒரு காட்சி நீண்டு நின்றால், அதை எடுத்தவர் எதையோ எதிர்பார்த்துக் காத்திருந்தார் என்று கொள்ளலாம்.

காலத்தைக் கணிப்பது

தலைப்பில் போட்டிருக்கும் ஆண்டை நம்பிவிடக் கூடாது. பழைய துண்டுகளை வெட்டி ஒட்டுவது செய்திப்பட நிறுவனங்களின் அன்றாட வழக்கம். முதலில் கப்பலின் பின்பக்கக் கொடியைப் பாருங்கள். இந்தியக் கப்பல்களில் 1950 ஜனவரி 26-க்கு முன் பிரிட்டிஷ் கடற்படையின், சிலுவைக் கோடு போட்ட வெண்கொடிதான் பறந்தது. அதன்பின் சிலுவைக் கோடு அப்படியே இருக்க, மேல் மூலையில் பிரிட்டனின் தேசியக் கொடியான யூனியன் ஜாக் இருந்த இடத்துக்கு மூவர்ணம் வந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாது. ஆனால் மூலையில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் இருந்தால் பழைய கொடி, கிடைக்கோடுகள் மட்டும் இருந்தால் புதிய கொடி என்று பிரித்தறியலாம். கொடி படபடக்கும்போது ஒரு சட்டகத்திலாவது மூலை விரிந்து தெரியும். அதற்குத்தான் அந்தக் காற்புள்ளி விசை.

பக்கவாட்டில் எழுதிய அடையாள எண்ணும் உதவும். போர்க்காலத்தில் ‘யு’ என்ற எழுத்தோடு தொடங்கிய துணைக்காவல் கப்பல்களின் எண்கள் 1948-க்குப் பிறகு ‘எஃப்’ என்று மாறின. தொப்பிப் பட்டையில் கப்பலின் பெயர் இல்லாமல் ‘எச்.எம்.எஸ்.’ என்று மட்டும் இருந்தால், எதிரிக்கு விவரம் போகாமலிருக்கச் செய்த போர்க்கால ஏற்பாடு அது. கடற்படையின் தலைமைத் தளபதியாக ஓர் ஆங்கிலேயர் அணிவகுப்பைப் பார்வையிடுகிறாரே, இது சுதந்திரத்துக்கு முந்தையது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதல் இந்தியத் தலைமைத் தளபதியாக ராம் தாஸ் கட்டாரி பொறுப்பேற்றது 1958 ஏப்ரலில்தான்.

கதைப்படக் காட்சிகள் ஆவணப்படம் என்ற பெயரில் உலவுவதும் உண்டு. நியூசிலாந்து மாலுமிகளைக் கொண்டு போரிட்ட ‘அக்கிலீஸ்’ கப்பல் 1948-இல் இந்தியாவுக்கு வந்து ‘டெல்லி’ ஆயிற்று. 1956-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் கதைப்படத்தில் அதுவே தன் பழைய பெயரில் நடித்தது. உண்மையான கப்பல், உண்மையான இந்திய மாலுமிகள், ஆனால் நடப்பது நடிப்பு. கேமரா எங்கே நின்றிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். சுடும் பீரங்கியின் வாய்க்கு நேர் முன்னால் நின்று வீரர்களின் முகத்தை நிதானமாக எடுத்திருந்தால், அது பயிற்சியாகவோ படத்துக்காகச் செய்ததாகவோதான் இருக்கும்.

இதற்கு நேர்மாறான உதாரணம் ‘பர்ஹாம்’ போர்க்கப்பலின் முடிவு. 1941 நவம்பர் 25 அன்று எகிப்துக் கரைக்கு அப்பால் ஜெர்மானிய நீர்மூழ்கியின் குண்டுகள் தாக்கியபோது, பக்கத்துக் கப்பலான ‘வேலியன்ட்’டில் இருந்த செய்திப்பட ஒளிப்பதிவாளர் ஜான் டர்னர் அதைப் படமெடுத்தார். கப்பல் இடப்பக்கம் சாய, மேல்தளத்தில் இருந்தவர்கள் பக்கச் சுவரின்மேல் ஏறி, சரிந்துகொண்டே நீரை நோக்கிப் போகிறார்கள். புள்ளிகளாகத் தெரிபவை மனிதர்கள் என்பது இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் விளங்கும். பிறகு வெடிமருந்துக் கிடங்கு வெடிக்கிறது. 860-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிரிட்டிஷ் அரசு இரண்டு மாதம் செய்தியை மூடி வைத்தது. அந்தத் துண்டு பின்னாளில் வேறு வேறு கப்பல்களின் பெயரில் எத்தனையோ படங்களில் ஒட்டப்பட்டிருக்கிறது. எனவே ஒரு கப்பல் இடப்பக்கம் சாய்ந்து வெடிக்கும் காட்சி வந்தால், அது எதுவென்று சொல்லப்பட்டாலும் முதலில் பர்ஹாமோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஓரத்தில் பார்க்க வேண்டியவை

படுக்கையிலிருந்து தொடங்கலாம். அக்காலக் கப்பல்களில் மாலுமிகள் உண்டதும் உறங்கியதும் எழுதியதும் ஒரே தளத்தில். சாப்பாட்டு மேசைக்கு மேலேயே கொக்கிகளில் கித்தான் தூளிகளைக் கட்டிப் படுப்பார்கள். ஒருவருக்கான அகலம் இரண்டடிகூட வராது. காலையில் தூளியைச் சுருட்டி, கயிற்றால் ஏழு சுற்றுச் சுற்றி இறுக்க வேண்டும். இறுகக் கட்டிய தூளி தண்ணீரில் சிறிது நேரம் மிதக்கும் என்பதால், அது உயிர்காக்கும் பொருளுமாகும். படத்தில் சுவரோரம் வெள்ளையாக அடுக்கியிருக்கும் உருளைகள் இவைதாம். விளக்கவுரை அவற்றைப் பற்றி ஒரு சொல் சொல்லாது.

கப்பலின் நாள், நான்கு மணி நேரக் காவல்களாகப் பிரிக்கப்பட்டது. மாலை 4 முதல் 8 வரையிலான காவலை மட்டும் இரண்டிரண்டு மணியாக உடைத்திருப்பார்கள். ஒரே ஆளுக்கு நாள்தோறும் நள்ளிரவுக் காவல் விழாமல் முறை மாறுவதற்காக இந்த ஏற்பாடு. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், வெயிலில் தளத்தைத் தேய்ப்பவர்களுக்குப் பின்னால் ஒருவர் கயிற்றுச் சுருளில் தலை வைத்துத் தூங்குவது சோம்பல் அல்ல என்பது புரியும்.

சாப்பாட்டுக் காட்சியை மிகுந்த ஐயத்தோடு பாருங்கள். போர்க்கால அரசின் தகவல் படங்களில் உணவு எப்போதும் நிறைவாகவே இருக்கிறது. ஆனால் 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயின் ‘தல்வார்’ பயிற்சித் தளத்தில் மாலுமிகள் வேலை நிறுத்தம் செய்ததற்கு உடனடிக் காரணங்களுள் ஒன்று மோசமான உணவு. அது எழுபதுக்கும் மேற்பட்ட கப்பல்களுக்குப் பரவியது. இதை மனத்தில் வைத்து, யார் பரிமாறுகிறார்கள், யார் உட்கார்ந்து உண்கிறார்கள், யார் கட்டளையிடுகிறார்கள், யார் கயிற்றை இழுக்கிறார்கள் என்று தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். அந்த நான்கு குறிப்பும் விளக்கவுரை முழுவதையும்விட அதிகம் சொல்லும்.

படத்தில் வராதவற்றையும் ஒரு தனித்தாளில் எழுதுங்கள். அக்காலப் படச்சுருளுக்கு நிறைய வெளிச்சம் வேண்டும் என்பதால், கேமரா மேல்தளத்தைவிட்டு அரிதாகவே இறங்கியது. கொதிகலன் அறையின் வெக்கை, எண்ணெய் வீச்சம், குமட்டல், கடல்நீரில் குளித்த பிசுபிசுப்பு எதுவும் படத்தில் இல்லை.

மாலுமியுடன் அமர்ந்து பார்ப்பது

இதுதான் இம்முறையின் உயிர்ப்பான பகுதி. பழக்கமான முன்னாள் மாலுமி எவரும் இல்லையென்றால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலோ ஊர்ச் சங்கத்திலோ விசாரிக்கலாம். மூன்று நிமிடத்துக்கு மேற்படாத துண்டாகத் தேர்ந்தெடுங்கள். கப்பல் மூழ்கும் காட்சிகளை முன்னறிவிப்பின்றிப் போடாதீர்கள். 1971 டிசம்பர் 9 அன்று இந்தியப் போர்க்கப்பல் ‘குக்ரி’ மூழ்கியபோது தோழர்களை இழந்தவராகவும் அவர் இருக்கக்கூடும்.

கேள்வி கேட்கும் விதம் முக்கியம். ‘ஐயா, உங்கள் காலத்திலும் இப்படித்தானா?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்ற ஒரு சொல்தான் விடையாக வரும். ‘இவர் கையில் இருப்பது என்ன?’, ‘அடுத்து என்ன செய்வார்?’ என்று கேளுங்கள். ஓடும் இரு கப்பல்களுக்கிடையே கயிறு கட்டி ஆளை மாற்றும் காட்சியைத் திருமங்கலம் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் காட்டியபோது, கயிற்றின் ஒரு முனையைக் கொக்கியில் மாட்டாமல் இருபது பேர் வரிசையாக நின்று கையில் பிடித்திருப்பது ஏன் என்று கேட்டேன். ‘கட்டிப் போட்டா கப்பல் உருள்றப்ப அத்துப்போகும்ல தம்பி. ஆளு பிடிச்சிருந்தா விட்டுக் குடுத்து இழுக்கலாம்’ என்றார். பிறகு அந்த வரிசையில் கடைசி ஆளைச் சுட்டி, அவருடைய நிற்கும் தோரணையே சரியில்லை என்று கடிந்துகொண்டார். அதன்பின் அந்தக் காட்சியில் எனக்கு நடுவில் தொங்கும் ஆளைவிட அந்த இருபது பேரின் கால்கள்தாம் தெரிகின்றன.

அவருடைய அனுமதி பெற்றுப் பேச்சைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். எந்த நிமிடம், எந்த நொடிக் காட்சிக்கு அவர் அதைச் சொன்னார் என்பதைக் குறிக்காவிட்டால் பதிவு பிறகு பயன்படாது.

பொதுத் திரையிடலும் குறிப்பேடும்

ஊர்ப் பள்ளியிலோ நூலகத்திலோ திரையிடுவதாயின் உரிமையைக் கவனியுங்கள். இந்தியச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். அமெரிக்க அரசு ஊழியர்கள் பணியின் பகுதியாக எடுத்தவற்றுக்கு அந்நாட்டில் பதிப்புரிமை இல்லை. பாத்தே போன்ற தனியார் சேகரிப்புகளுக்கு அனுமதி கேட்டு எழுத வேண்டும்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு படத்துக்கும் இணைய முகவரி, பார்த்த தேதி, கப்பலின் பெயர், தலைப்பு சொல்லும் ஆண்டு, நீங்கள் கணித்த ஆண்டு, கணிப்புக்கான ஆதாரம் ஆகியவற்றைத் தனித்தனிக் கட்டங்களில் எழுதுங்கள். தலைப்பு சொன்னதையும் நீங்கள் கண்டதையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள். இணையத்தில் படம் நீக்கப்படுவது சாதாரணம் என்பதால், முக்கியமான சட்டகங்களைத் திரைப்பிடிப்பாகச் சேமித்து, கோப்பின் பெயரிலேயே நிமிடத்தையும் நொடியையும் இட்டு வையுங்கள். கப்பலை அடையாளம் காண முடியாதபோது அதன் பெயருக்கான கட்டத்தைக் காலியாகவே விடலாம். கொடியோ எண்ணோ தெரியும் இன்னொரு துண்டு பின்னர் கிடைத்து, அதை நிரப்ப வாய்ப்பு உண்டு.