இயற்பியல் செய்முறையில் எந்த அளவீட்டுக்கு எவ்வளவு கவனம்: ஊசல், மீட்டர் சமனச்சுற்று, ஒத்ததிர்வுத் தம்பம்

மேல்நிலை வகுப்புச் செய்முறையில் பல மாணவர்கள், வர வேண்டிய விடையைப் புத்தகத்திலிருந்து முதலில் தெரிந்துகொண்டு, பிறகு அட்டவணையில் உள்ள எண்களை அதற்கு ஏற்றபடி திருத்துகிறார்கள். இதனால் அந்தச் சோதனையிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றே ஒன்று கைநழுவிப் போகிறது. அதற்குப் பதிலாக, கருவியைத் தொடும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, வாய்பாட்டில் உள்ள அளவுகளில் எதில் ஏற்படும் சிறு பிழை விடையை அதிகம் மாற்றும் என்று தாளில் கணக்கிட்டுப் பாருங்கள். உழைப்பின் பெரும்பகுதி அந்த அளவீட்டுக்கே போக வேண்டும். இயக்கம், மின்னோட்டம், அலை ஆகிய மூன்று பாடங்களிலிருந்தும் ஒவ்வொரு சோதனையை எடுத்து இதைச் செய்துபார்ப்போம்.

நூலில் தொங்கும் குண்டு ஆடும் தனி ஊசலில், பையின் (π) வர்க்கத்தை நான்காலும் ஊசலின் நீளத்தாலும் பெருக்கி, அலைவுக் காலத்தின் (குண்டு ஒருமுறை போய்வர எடுக்கும் நேரத்தின்) வர்க்கத்தால் வகுத்தால் புவியீர்ப்பு முடுக்கம் கிடைக்கிறது. நீளத்தில் உள்ள சதவீதப் பிழை அப்படியே விடைக்குச் செல்லும். காலம் வர்க்கமாக இருப்பதால் அதன் பிழை இருமடங்காகச் செல்லும். 1 மீட்டர் நீளத்தில் 1 மில்லிமீட்டர் தவறினால் பிழை 0.1 சதவீதம்தான். ஆனால் நிறுத்துக் கடிகாரத்தை இயக்கும்போதும் நிறுத்தும்போதும் விரலில் ஏற்படும் தாமதம் மொத்தம் 0.2 வினாடி என்று கொண்டால், ஏறத்தாழ 2 வினாடி எடுக்கும் ஒரே ஓர் அலைவை அளப்பவருக்குக் காலத்தில் 10 சதவீதமும் விடையில் 20 சதவீதமும் பிழை வரும். அதே விரல் தாமதம் 20 அலைவுகளுக்கான 40 வினாடியில் பரவும்போது, விடையில் உள்ள பிழை 1 சதவீதமாகக் குறைந்துவிடுகிறது. இருபது அலைவுகளை எண்ணச் சொல்வதன் காரணம் இதுதான்.

எண்ணும் முறையிலும் கவனம் தேவை. குண்டு ஒரு பக்கத்தின் கடைசிக்குச் சென்று திரும்பும் இடத்தில் எண்ணத் தொடங்காதீர்கள்; அங்கே அது ஏறக்குறைய நின்றுவிடுவதால் திரும்பும் கணத்தைச் சரியாகச் சொல்ல முடியாது. நடுநிலைப் புள்ளியில் அதன் வேகம் மிக அதிகம் என்பதால், தாங்கிக்குப் பின்னால் சாக்கட்டியால் ஒரு செங்குத்துக் கோடு போட்டுக்கொண்டு, குண்டு அந்தக் கோட்டை ஒரே திசையில் கடக்கும் கணங்களை எண்ணுங்கள். கடிகாரத்தைத் தொடங்கும் கணத்தில் "பூஜ்யம்" என்று சொல்ல வேண்டும். "ஒன்று" என்று தொடங்கிவிட்டால், இருபது என்று நினைத்து எண்ணியது உண்மையில் பத்தொன்பது அலைவுகளாகவே இருக்கும், விடை 10.86 மீ/வி² என்ற அளவில் வந்து நிற்கும். அப்படி ஓர் எண் வந்தால் கயிற்றையும் அளவுகோலையும் சந்தேகிக்கும் முன் எண்ணிக்கையைச் சந்தேகியுங்கள். வீச்சையும், அதாவது நடுநிலையிலிருந்து இழுத்துவிடும் கோணத்தையும், சிறிதாக வையுங்கள். 10 பாகைக்குள் ஆடும் ஊசலில் அலைவுக் காலம் 0.2 சதவீதம்கூடக் கூடுவதில்லை. 30 பாகை வரை இழுத்துவிட்டால் 1.7 சதவீதம் கூடி, விடையை ஏறத்தாழ 3.5 சதவீதம் கீழே தள்ளிவிடும்.

ஊசலின் நீளம் தொங்கு புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை என்பதை மறந்து, நூலின் நீளத்தை மட்டும் எழுதுபவர்கள் பலர். அலைவுக் காலத்தின் வர்க்கத்துக்கும் நீளத்துக்கும் வரைபடம் வரைந்தால் இந்தத் தவறு தானே வெளிப்படும். கோட்டின் சாய்வு மாறாது. ஆனால் கோடு ஆதிப்புள்ளி வழியாகச் செல்லாமல், நீள அச்சை எதிர்ப்பக்கத்தில் குண்டின் ஆரத்துக்குச் சமமான தொலைவில் வெட்டும். எனவே சாய்விலிருந்து கணக்கிடும் முடுக்கம், நீளத்தில் நிகழ்ந்த அந்தத் தவறையும் மீறிச் சரியாக வரும். ஒரே நீளத்தில் பலமுறை அளப்பதைவிட ஆறு ஏழு நீளங்களில் அளந்து வரைபடம் போடுவதே மேல் என்று நான் உறுதியாகக் கருதுவதற்கு இதுவே காரணம்.

சென்னையின் அகலாங்கில் புவியீர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 9.78 மீ/வி², 9.81 என்பது 45 பாகை அகலாங்கை ஒட்டிய இடங்களுக்குப் பொருந்தும் எண். 1672ஆம் ஆண்டில் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷேர், பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் நிலநடுக்கோட்டுக்கு அருகே உள்ள கயேனில் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பின்தங்குவதைக் கண்டார். கடிகாரத்தின் கோளாறு என்று அவர் அதை ஒதுக்கவில்லை. கண்டதைக் கண்டபடி பதிந்தார். புவி துருவங்களில் தட்டையானது என்ற தம் வாதத்துக்கு நியூட்டன் பின்னர் அதைச் சான்றாகப் பயன்படுத்தினார். தம் 9.7ஐ அழித்து 9.8 என்று எழுத நினைக்கும் மாணவர் ரிஷேரை ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம்.

இனி மீட்டர் சமனச்சுற்று: 1 மீட்டர் நீளமுள்ள சீரான கம்பியின் உதவியால், தெரியாத மின்தடையைத் தெரிந்த மின்தடையோடு ஒப்பிடும் சுற்று. கம்பிச்சுருளின் மின்தடையைக் கண்டு, அதிலிருந்து கம்பிப் பொருளின் மின்தடை எண்ணை (நீளத்தையும் தடிமனையும் சாராமல் பொருளுக்கே உரிய மதிப்பை) கணக்கிடுவது இதன் நோக்கம். சமநிலைப் புள்ளி (கால்வனோமீட்டர் சுழியைக் காட்டும் இடம்) 50 சென்டிமீட்டரில் இருக்கும்போது 1 மில்லிமீட்டர் தவறு மின்தடையில் 0.4 சதவீதப் பிழையைத் தரும். அதே தவறு 5 சென்டிமீட்டர் குறியில் 2 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஆகவே சமநிலை 30க்கும் 70க்கும் இடையே அமையுமாறு மின்தடைப் பெட்டியில் மதிப்பைத் தேர்ந்தெடுங்கள். பிறகு சுருளையும் பெட்டியையும் இடம் மாற்றி மீண்டும் அளந்து சராசரி எடுத்தால், முனைகளில் உள்ள செம்புப் பட்டைகளும் இணைப்புகளும் தரும் முனைத்தடையின் விளைவு பெருமளவு நீங்கும். ஜாக்கியை (கம்பியைத் தொட்டுப் பார்க்கும் முனையை) கம்பியின் மேல் இழுத்துத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் கம்பியின் தடிமன் சீராக இருக்காது, சமனச்சுற்றின் அடிப்படையே அந்தச் சீர்மைதான். மின்னோட்டத்தை அளக்கும் நேரத்தில் மட்டும் செலுத்துங்கள். கம்பி சூடேறினால் மின்தடை மாறும்.

ஆனால் இந்தச் சோதனையின் விடையை நிர்ணயிப்பது சமனச்சுற்று அன்று, மேசையின் ஓரத்தில் கிடக்கும் திருகு அளவி. மின்தடை எண்ணின் வாய்பாட்டில் கம்பியின் ஆரம் வர்க்கமாக வருகிறது. விட்டம் 0.40 மில்லிமீட்டர் உள்ள கம்பியை, மீச்சிற்றளவு (அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.01 மில்லிமீட்டர் உள்ள திருகு அளவியால் அளக்கும்போது ஒரே ஒரு பிரிவு தவறினாலும் விட்டத்தில் 2.5 சதவீதம், மின்தடை எண்ணில் 5 சதவீதம். சமனச்சுற்றில் ஒரு மணி நேரம் பொறுமையாக இருந்த மாணவர், திருகு அளவியில் ஒரே ஓர் அளவீட்டை அவசரமாக எடுத்துவிட்டு எழுந்தால் அந்தப் பொறுமை வீணாகிறது. முதலில் தாடைகளை மூடி, தலைக்கோலின் (சுழலும் அளவுகோலின்) சுழி புரிக்கோலின் (நிலையான அளவுகோலின்) கோட்டோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். மூன்று பிரிவு நேர்ச் சுழிப்பிழை இருப்பதைக் கவனிக்காமல் விட்டால் 0.40 என்பது 0.43 ஆகி, விடை 15 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். திருகை ராட்செட்டை (அளவுக்கு மேல் இறுகாமல் நழுவும் குமிழை) பிடித்தே திருப்புங்கள். விரலால் இறுக்கினால் கம்பி நசுங்கும். கம்பியின் நீளத்தில் குறைந்தது ஐந்து இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அளங்கள். விடை எதிர்பார்த்ததைப்போல் நான்கு மடங்கு வந்தால், ஆரத்துக்குப் பதில் விட்டத்தை இட்டிருக்கிறீர்கள்.

காற்றில் ஒலியின் திசைவேகத்தை அளக்கும் ஒத்ததிர்வுக் காற்றுத்தம்பம் இவற்றைவிட எளிது. இசைக்கவையை ரப்பர் அட்டையில் தட்டி, நீர் உள்ள குழாயின் வாயில் படாமல் அதற்கு நேர் மேலே பிடித்து, நீர்மட்டத்தை மெல்ல இறக்கினால் ஓசை பெருகும் இடம் கிடைக்கும். இறக்கும்போதும் ஏற்றும்போதும் அந்த இடத்தைக் குறித்துச் சராசரி எடுங்கள். காற்றின் அதிர்வு குழாயின் விளிம்புக்குச் சற்று வெளியிலும் நீள்வதால், இரண்டு ஒத்ததிர்வு நீளங்களின் வேறுபாட்டை எடுத்து அதிர்வெண்ணின் இருமடங்கால் பெருக்கினால் திசைவேகம் கிடைக்கும்; அந்த நீட்சிக்கான முனைத்திருத்தமும் தானாகவே நீங்கிவிடும். 512 ஹெர்ட்ஸ் கவைக்கு, 30 பாகை செல்சியஸில் அந்த வேறுபாடு ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் வரும். அதில் 1 மில்லிமீட்டர் பிழை திசைவேகத்தைச் சுமார் 1 மீ/வி மாற்றும். இரண்டாவது நீளம் முதலாவதன் மூன்று மடங்கைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் ஏதோ ஓர் இடத்தைத் தவறாகக் கேட்டிருக்கிறீர்கள். அறை வெப்பநிலையை மறக்காமல் எழுதுங்கள். 331 மீ/வி என்பது சுழி பாகைக்கான மதிப்பு. 30 பாகையில் ஒலி 349 மீ/வி வேகத்தில் செல்கிறது. வெப்பநிலையை எழுதாதவர் தம் சரியான விடையையே தவறென்று நம்பிவிடுவார்.

அளவீடுகளைப் பேனாவால் நேரடியாக அட்டவணையில் எழுதுங்கள். தவறியதை ஒரே கோட்டால் அடித்து, படிக்கும்படி விட்டு, காரணத்தைப் பக்கத்தில் குறியுங்கள். வரைபடத்தில் புள்ளிகளை ஒன்றோடொன்று இணைக்காமல், அவற்றின் நடுவே ஒரே நேர்க்கோட்டை இழுத்து, அந்தக் கோட்டின் மேல் தொலைவாக உள்ள இரண்டு இடங்களிலிருந்து சாய்வைக் கண்டுபிடியுங்கள். விடையை எழுதும்போது கணிப்பான் காட்டும் இலக்கங்கள் அனைத்தையும் நகலெடுக்காதீர்கள். 100.0 சென்டிமீட்டர் ஊசல் 20 அலைவுகளுக்கு 40.3 வினாடி எடுத்தால், கணிப்பான் 9.7232 என்று காட்டும். நேரத்தின் பிழையால் 1 சதவீதமும் நீளத்தின் பிழையால் 0.1 சதவீதமும் சேர்ந்து ஏறத்தாழ 0.1 ஐயம் இருப்பதால், 9.7 ± 0.1 மீ/வி² என்று எழுத வேண்டும். சென்னைக்குரிய 9.78 அந்த எல்லைக்குள் அடங்குவதால், அதில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை.