சண்டை வீடியோ கேமை இணையத் தொடராக்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சண்டை வீடியோ கேம்களை நடிகர்களை வைத்துப் படமாக்கும் முயற்சிகள் ஏன் அடிக்கடி சறுக்குகின்றன என்று கேட்டால், "அந்த கேம்களில் கதையே கிடையாதே" என்று பலர் சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. கதை இருக்கிறது. அது வசனத்தில் இல்லை, அடியில் இருக்கிறது. அங்கே தேடாததுதான் முதல் தவறு, மற்ற தவறுகளுக்கும் அதுவே வேர்.

'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' ஆடியவர்களுக்கு ஷோர்யூகெனைத் தெரிந்திருக்கும். எதிராளியின் தாடையைக் குறிவைத்து மேலே எழும்பிக் குத்தும் அடி. பட்டால் எதிராளி சாய்வான். தவறினால், குத்தியவர் காற்றிலிருந்து தரைக்கு வந்து சேரும்வரை கையறு நிலைதான். கீழே நிற்பவர் நிதானமாகக் காத்திருந்து திருப்பி அடிக்கலாம். எல்லா அடிக்கும் இப்படிக் கிளம்பும் நேரம், படும் நேரம், மீளும் நேரம் என்று மூன்று கட்டங்கள் உண்டு. நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 அசையாப் படங்கள், ஓடும் ஆட்டத்தில், தேர்ந்த ஆட்டக்காரர்கள் இந்த மூன்றையும் ஃபிரேம் கணக்கில் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். ஒவ்வோர் அடிக்கும் ஒரு விலை இருக்கிறது என்பதே இந்த ஆட்டத்தின் உயிர்.

படமாக்கும்போது அந்த விலைதான் முதலில் தொலைகிறது. கை கிளம்பியதும் ஒரு வெட்டு, முகத்தில் பட்டதும் இன்னொரு வெட்டு, அடுத்த நொடியில் வேறு கோணம். அடித்தவர் நிலைதடுமாறுவதையும், மூச்சு வாங்குவதையும், மறுபடி தற்காப்புக்கு வருவதையும் யாரும் பார்ப்பதில்லை. கேமில் கேமரா பக்கவாட்டில் நின்று இரண்டு பேரையும் தலை முதல் கால் வரை காட்டுகிறது. அந்தக் கோணத்தை அப்படியே பின்பற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முழு உடலும் தெரியும் அகலமான ஷாட்டுகளும், அடி முடிந்த பிறகும் சற்று நிற்கும் கேமராவும் வேண்டும். அதற்குச் சண்டை தெரிந்த நடிகர்கள் தேவை. ஜோயி அன்சா இயக்கி 2014இல் வெளிவந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்: அசாசின்ஸ் ஃபிஸ்ட்' இணையத் தொடரின் பலம் இதுதான். கேமின் வீரர்களில் ரியுவாக நடித்த மைக் மோ, கென்னாக நடித்த கிறிஸ்டியன் ஹோவர்ட், அகுமாவாக நடித்த அன்சா ஆகிய மூவரும் தற்காப்புக் கலை பயின்றவர்கள்.

அடுத்த தவறு, எல்லோரையும் உள்ளே இழுப்பது. 1991இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'இல் ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்க 8 வீரர்கள், எதிர்கொள்ள மேலும் 4 பேர். ரசிகர் ஒவ்வொருவருக்கும் ஒருவரைப் பிடிக்கும் என்பதால் அத்தனை பேருக்கும் இடம் கொடுக்கத் தோன்றும். 1994 ஹாலிவுட் படம் அதைத்தான் செய்தது. ரியுவும் கென்னும் போலி ஆயுதம் விற்று ஏமாற்றும் ஆசாமிகளானார்கள். கைகால்களை நீட்டிச் சண்டையிடும் யோகி தால்சிம், வில்லனின் ஆய்வுக்கூடத்தில் மாட்டிக்கொண்ட விஞ்ஞானியானார். ரோஷன் சேத் போன்ற நல்ல நடிகர் இருந்தும், தால்சிமுக்கே உரிய சண்டை அதில் இல்லை. பெயர் மிஞ்சியது, ஆள் காணாமல் போனார்.

'அசாசின்ஸ் ஃபிஸ்ட்' நேர்மாறான வழியில் போனது. உலகப் போட்டி இல்லை, கேமின் பிரபல வீரர்களான சுன்-லி இல்லை, கைல் இல்லை. ஒரு குரு, இரண்டு சீடர்கள், குருவின் இளமைக் காலம், அவ்வளவுதான். ரியுவும் கென்னும் கோகென் என்ற ஆசானிடம் பயில்கிறார்கள். இன்னொரு காலத்தில் அதே கோகெனும் அவருடைய தம்பி கோகியும் கோதெட்சு என்ற ஆசானிடம் பயில்கிறார்கள். ஹாடோக்கென் என்னும் ஒளிப்பந்து, கேமில் பொத்தானைத் தட்டினால் கையிலிருந்து கிளம்பிவிடும். தொடரிலோ நெடுநாள் பயிற்சிக்குப் பிறகே கைகூடுகிறது. அதனால் அது முதன்முதலில் வரும்போது நமக்கும் சிலிர்க்கிறது. கோகி குறுக்குவழியாக இருண்ட ஆற்றலை நாடுகிறார். அது தன் ஆசானையே கொல்லும் அளவுக்கு அவரைக் கொண்டுபோய், அகுமாவாக மாற்றிவிடுகிறது. தவறிய ஷோர்யூகெனுக்கு ஆட்டக்காரர் கொடுக்கும் அதே விலை, இங்கே ஒரு மனிதனின் வாழ்க்கை அளவுக்குப் பெரிதாகியிருக்கிறது. கேமைத் தழுவி எடுப்பது என்றால் இதைத்தான் சொல்வேன்.

'மார்ட்டல் காம்பட்' என்ற இன்னொரு சண்டை கேமை வைத்து கெவின் டான்சரோயன் எடுத்த இணையத் தொடர் 'மார்ட்டல் காம்பட்: லெகசி' (2011), ஓரிரு அத்தியாயங்களுக்கு ஒருமுறை வேறு வீரர்களின் கதை என்ற முறையில் தொடங்கியது. எனக்குப் பிடித்தவை ஸ்கார்ப்பியன், சப்-ஜீரோ இருவரின் பகையைச் சொல்லும் அத்தியாயங்கள். முகமூடிக்கு முன்னால் ஸ்கார்ப்பியன் ஒரு கணவர், ஒரு தந்தை என்பதை அவை பொறுமையாகக் காட்டின. மற்ற சில அத்தியாயங்கள் அறிமுகமாகவே தொடங்கி அறிமுகமாகவே முடிந்துவிடுகின்றன.

மொழி விஷயத்திலும் பலர் பயப்படுகிறார்கள். ஜப்பானியக் கதாபாத்திரங்களை ஆங்கிலம் பேசவைத்தால்தான் பார்வையாளர் வருவார் என்பது தேவையற்ற அச்சம். இந்த இரண்டு தொடர்களிலும் ஜப்பானிய மொழி தாராளமாக ஒலித்தது. வசன வரிகளோடு ரசிகர்கள் பார்த்தார்கள். உடையைப் பொறுத்தவரை ஒரே வார்த்தை: அழுக்காக்குங்கள். பளபளக்கும் புதுத் துணி, பயிற்சிக்கூடத்தை மாறுவேடப் போட்டி மேடையாக்கிவிடும்.

கடைசியாக, உரிமை. ரசிகனின் அன்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கதாபாத்திரங்கள் நிறுவனத்தின் சொத்து. அனுமதியில்லாமல் முழுத் தொடரை எடுத்து முடித்துவிட்டு அதை வெளியிட முடியாமல் தவிப்பது மிகக் கொடிய இழப்பு. அன்சாவும் ஹோவர்டும் 2010இல் முதலில் எடுத்தது, ரியுவும் கென்னும் மோதும் சுமார் மூன்று நிமிடக் குறும்படம். அதைப் பார்த்தவர்களின் வரவேற்பு, 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' கேமை உருவாக்கிய கேப்காம் நிறுவனத்தின் உரிமத்துக்கு வழி திறந்தது. பிறகு பணம் தேட வேண்டியிருந்தது, பல்கேரியாவில் படப்பிடிப்பு நடத்த வேண்டியிருந்தது. தொடர் வெளிவந்தபோது நான்கு ஆண்டுகள் ஓடியிருந்தன. டான்சரோயனும் 2010இல் ஒரு குறும்படத்தைக் காட்டித்தான் 'மார்ட்டல் காம்பட்' உரிமையாளரான வார்னர் பிரதர்ஸின் கதவைத் தட்டினார். இன்று தொடங்க நினைப்பவர்களும் இரண்டே வீரர்களோடு, ஒரே இடத்தில் நடக்கும், மூன்று நிமிடத்தில் முடியும் ஒரு சண்டையை எடுத்துப் பாருங்கள். அதில் ஒருவர் ஓர் அடியைத் தவறவிட்டு அதற்கான விலையைக் கொடுக்கட்டும்.